பெட்டி பூட்டுறதை விட்டுட்டு கண்ணாடியைக் கீறுங்கோ



ரயிலுக்குள்ள போன் சிக்னல் ஏன் செத்துப்போகுது எண்டு இந்த வார எபிசோடில் கொஞ்சம் கதைச்சோம். நேரம் போதாததால் என் கருத்தைச் சொல்லாமல் விட்டாச்சு. இங்கே சொல்கிறேன்: சிக்னல் வரவில்லையா, உடனே ஒரு ரிப்பீட்டர் பெட்டி பூட்டு என்கிற பழக்கம் பிழை. முதலில் ஜன்னலைப் பார்க்க வேணும்.

புது ரயில்களின் ஜன்னலிலும், பெரும்பாலான புது வீட்டு ஜன்னலிலும் ஒரு வெள்ளிப் படலம் இருக்கு. தடிப்பு சுமார் 10 நானோமீட்டர். வெளிச்சத்தை உள்ளே விடும், வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும். ஹீட்டிங் பில் குறையும். நல்ல விஷயம்தான். ஆனால் அதே படலம் ரேடியோ அலையையும் திருப்பி அனுப்புது. சிக்னல் நூறில் ஒரு பங்காகும், சில கண்ணாடிகளில் ஆயிரத்தில் ஒரு பங்காகும். சுற்றிவர உலோகப் பெட்டி வேற. அதாவது டிக்கெட் எடுத்து ஒரு ஃபாரடே கூண்டுக்குள்ள ஏறி இருக்கிறோம்.

இதை எப்படித் திறப்பது? அலைநீளத்தை விடச் சின்ன ஓட்டைக்குள்ளால் அலை போகாது என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்கள். மைக்ரோவேவ் அவன் கதவு அதுக்கு நல்ல உதாரணம். உள்ளே ஓடுற அலையின் நீளம் 12 செ.மீ., கதவு வலையின் ஓட்டை ஒன்று இரண்டு மி.மீ. அலை உள்ளேயே நிற்கும். வெளிச்சத்தின் அலைநீளம் ஒரு மி.மீ.இன் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் சாப்பாடு சுற்றுறது உங்களுக்குத் தெரியும். 1944இல் ஹான்ஸ் பெதே இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்: சின்ன வட்ட ஓட்டையின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதன்மேல் விழுகிற சக்தியில் கடந்துபோகும் பங்கு 16இல் ஒன்றாகிவிடும்.

ஆனால் அது வட்ட ஓட்டைக்கான கணக்கு. நீளமான கீறலுக்குக் கதை வேற. அங்கே அகலத்தை விட நீளம்தான் முக்கியம். அதே 12 செ.மீ. அலைக்கு, உலோகத்தகட்டில் 6 செ.மீ. நீளத்தில் தலைமயிர் அகலக் கீறல் ஒன்று போட்டால் போதும், அலை தாராளமாகக் கடக்கும். ஒரு நிபந்தனை: அலையின் மின்புலம் கீறலுக்குக் குறுக்காக இருக்க வேணும். கீறல் நீட்டுக்கு இருந்தால் போகாது.

ரயில் ஜன்னலுக்கு இரண்டு திசையிலும் கீறுகிறார்கள். லேசரால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் போட்டு, படலத்தைச் சில மி.மீ. அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். போன் அலைகள் பெரும்பாலும் 37 செ.மீ. முதல் 8 செ.மீ. வரை நீளமானவை. அவைக்கு அந்தப் படலம் இப்போ சுவர் இல்லை, ஒன்றோடொன்று ஒட்டாத துணுக்குகள். மின்னோட்டம் தொடர்ந்து ஓட வழியில்லை, அதனால் அலையைத் திருப்பி அனுப்பவும் முடியாது. வெப்பக் கதிரின் அலைநீளமோ சுமார் 10 மைக்ரோமீட்டர். அதுக்கு ஒவ்வொரு துண்டும் இன்னும் ஒரு பெரிய மதில்தான். சூடு உள்ளே நிற்கும், கோலும் அறுபடாது.

இது வெறும் ஆய்வுகூடக் கதை இல்லை. லொசானில் இருக்கிற ஈ.பி.எஃப்.எல். ஆய்வாளர்கள் உருவாக்கிய இப்படியான கண்ணாடியை சுவிஸ் பி.எல்.எஸ். நிறுவனம் தன் ரயில்களில் போட்டது. ஜெர்மனியின் ஐ.சி.இ. 3நியோ ரயில்களும் சிக்னலை விடுகிற ஜன்னல்களோடுதான் வந்தன.

ரிப்பீட்டருக்கு மின்சாரம் வேணும், கேபிள் வேணும், பராமரிக்க ஆள் வேணும். புது அலைவரிசை வந்தால் பெட்டியையும் மாற்ற வேணும். கீறின கண்ணாடிக்கு நீங்கள் எந்த நிறுவனத்தின் சிம் வச்சிருக்கிறீங்கள் என்பதே தெரியாது. ஐ.டி. வேலையிலும் இதே வியாதியைத்தான் பார்க்கிறேன். சிஸ்டம் மெதுவாக ஓடினால் இன்னொரு சர்வர் வாங்குவோம், அடைச்சுக்கொண்டு நிற்கிறதை எடுக்கிறதுக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை.

எல்லாத்துக்கும் இதுவே மருந்து என்று சொல்லவில்லை. வெளியிலேயே சிக்னல் இல்லாத இடத்தில் எந்தக் கண்ணாடியும் உதவாது. சுரங்கப்பாதைக்குள் தனிக் கேபிள் ஓட வேணும் (அந்தக் கேபிளின் உலோக உறையிலும் துளைகள் வெட்டித்தான் சிக்னலைக் கசிய விடுகிறார்கள்). 26 கிகாஹெர்ட்ஸ் 5ஜி அலையின் நீளம் 12 மி.மீ.க்கும் குறைவு, அதுக்கு இன்னும் சின்னத் துண்டுகள் தேவைப்படும். ஆனால் ஒரு ரயில் பல பத்து வருஷம் ஓடும். கண்ணாடி ஓர்டர் பண்ணுகிற நாளிலேயே இதை யோசிக்க வேணும்.

வீட்டுக்கும் இதே கதைதான். அம்மா அப்பா வீட்டு ஜன்னலை மாற்றக் கொட்டேஷன் எடுத்தால் வாங்கிப் பாருங்கோ. வெப்பத்துக்கான யூ-வேல்யூ கட்டாயம் இருக்கும். ரேடியோ அலை எவ்வளவு உள்ளே வரும் என்று ஒரு வரி போட்டதை நான் இன்னும் காணவில்லை. பிறகு "போன் பழசாப் போச்சு" என்று புதுசு வாங்குவோம். அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடுறதும் அந்தப் போனில்தான். கையெழுத்துப் போட முதல் அந்த ஒரு கேள்வியைக் கேளுங்கோ. என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கோ.