வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஆங்கில வகுப்பு

கட்டார், சவூதி, டுபாய் என்று தொழிலுக்குப் போயிருக்கும் கிண்ணியாச் சகோதரர்கள் பலர் லீவில் வரும்போது என் கடைக்கு வந்து ஒரே யோசனையைத்தான் சொல்கிறார்கள். "காக்கா, ஊரில் ஒரு ஆங்கில வகுப்புத் திறந்தால் என்ன? காசு நான் போடுகிறேன், அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்."

யோசனை நல்லது. தேவையும் உண்மையானது. ஒரே விமானத்தில் போன இரண்டு பேரில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்தவர் ஸ்டோரில் கணக்கு எழுதுகிறார். தெரியாதவர் வெயிலில் மூட்டை தூக்குகிறார். நானும் கட்டாரில் ஏழு வருடம் ஒரு ஸ்டோரில் நின்றவன். எங்கள் ஃபோர்மன் மலையாளி, சாரதி நேபாளி, கணக்காளர் பிலிப்பைன்ஸ்காரர். அத்தனை பேரும் பேசிக்கொண்டது உடைந்த ஆங்கிலத்தில்தான். ஊரிலும் நிலைமை வேறில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்றது. பிள்ளைகளுக்கு மூன்றாம் வகுப்பிலிருந்து அது பாடமாகவும் இருக்கிறது. ஆனாலும் ஓ.எல். முடித்த பிள்ளை வங்கிக்கு ஒரு கடிதம் எழுத இன்னொருவரைத் தேடுகிறது.

ஆகவே வகுப்பு வேண்டுமா என்பதில் எனக்கு வாதமில்லை. அதை யாருடைய கையில் கொடுப்பது என்பதில்தான் சொல்ல இருக்கிறது.

பலரும் முதலில் செய்வது, மருமகனையோ மச்சானையோ பொறுப்பாக வைத்து, ஒரு ஆசிரியரைச் சம்பளத்துக்குப் பிடிப்பது. இதில் ஒரு விடயத்தை மறந்து விடுகிறோம். ஹாட்வெயார் கடையில் சேல்ஸ்மன் விலகினால் சீமெந்தும் கம்பியும் கடையிலேயே இருக்கும். ஆங்கில வகுப்பில் ஆசிரியர் விலகினால் பிள்ளைகளும் அவர் பின்னாலேயே போய்விடுவார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒரு கரும்பலகையை மாட்டினால் அவருக்குப் போதும். உங்களிடம் மிஞ்சுவது மேசையும் கதிரையும் வாடகை ஒப்பந்தமும்தான். அதற்காக ஆசிரியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்தத் தொழிலின் சரக்கே அவருடைய நாவும் பொறுமையும்தான்.

எனவே ஆசிரியரைப் பங்காளியாக்குங்கள் என்பதே என் கருத்து. இதற்கு நம்மிடம் பழைய வழி இருக்கிறது. முளாரபா என்பார்கள். ஒருவர் முதல், மற்றவர் உழைப்பு. இலாபத்தை முன்கூட்டிப் பேசிய வீதப்படி பிரிப்பது. ஆசிரியரின் கவனயீனமோ மோசடியோ இல்லாமல் நட்டம் வந்தால் காசு போட்டவர் தாங்குவார், உழைத்தவரின் உழைப்பு வீண்போகும். இதன் நுணுக்கங்களை உலமாக்களிடம் கேட்டு, கட்டாயம் எழுத்தில் வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் வசனம்தான் (அல்பகரா 282) குர்ஆனிலேயே நீளமான வசனம் என்பதை வியாபாரிகளாகிய நாம் மறக்கக் கூடாது.

ஒரு உதாரணக் கணக்குப் பார்ப்போம். மாதக் கட்டணம் 2,000 ரூபா, பிள்ளைகள் 40 பேர் என்றால் வரவு 80,000. வாடகை 15,000, மின்சாரம், போட்டோகொப்பி, துப்புரவுக்கு 10,000 போனால் மிச்சம் 55,000. ஆசிரியருக்கு 60 வீதம் என்றால் 33,000, உங்களுக்கு 22,000. பிள்ளைகள் 20 ஆகக் குறைந்தால் மிச்சம் 15,000தான். ஆசிரியருக்கு 9,000, உங்களுக்கு 6,000. 13 பிள்ளைகளுக்குக் கீழே போனால் கையிலிருந்து போட வேண்டும். மேசை கதிரைக்குப் போட்ட முதல் இதில் சேரவில்லை. உங்கள் ஊர்ப்பக்கத்து வாடகையையும் கட்டணத்தையும் போட்டு இதே கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள்.

"அவருக்கு 60 கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் வேறு வருமானமில்லாத ஆசிரியர் முதல் மாதங்களில் 9,000 ரூபாவில் குடும்பம் நடத்த முடியாது. அப்படிப்பட்டவரிடம் பங்கு பேசுவது அநியாயம். அவருக்குச் சம்பளமே பொருத்தம். பங்கு பேச, ஓய்வு பெற்ற ஆசிரியரையோ, குடும்பத்தில் வேறு வருமானம் உள்ள ஆசிரியையையோ தேடுங்கள்.

அடுத்தது வாடிக்கையாளர் யார் என்பது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும் வரை திருகோணமலைக்குப் போகப் பாதையில் ஏறித்தான் தண்ணீரைக் கடந்தோம். இப்போது ஏ.எல். பையன் மோட்டார் சைக்கிளில் டவுன் வகுப்புக்குப் போய் வந்துவிடுகிறான். அவனை நம்பி இங்கே வகுப்புத் திறக்க வேண்டாம். டவுனுக்குப் போக முடியாதவர்களைப் பாருங்கள். அஸருக்குப் பிறகு சிறு பிள்ளைகள், காலையில் பெண்கள், இஷாவுக்குப் பிறகு கடைக்காரர்களும் வெளிநாடு போகக் காத்திருக்கும் இளைஞர்களும். இவர்களுக்கு இலக்கணப் புத்தகத்தை விட இன்வொய்ஸ் வாசிப்பதும், நேர்முகத்தில் பதில் சொல்வதும், தொலைபேசியில் பேசுவதும் முக்கியம். நமது ஊர் வயலையும் கடலையும் நம்பிய ஊர். அறுவடை முடியத்தான் கட்டணம் ஒழுங்காக வரும். அந்த இடைவெளியைத் தாங்கும் காசு கையில் வேண்டும்.

கட்டணத்தை றியாலில் யோசிக்காதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அனுப்புகிறவருக்கு அது பெரிய தொகை. கட்டணம் கட்டும் தகப்பனுக்கு அதே மாதங்களில் அரிசி வாங்கவே கஷ்டம்.

சட்டத்தையும் பாருங்கள். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தால் தனியார் நினைத்தபடி புதிய பாடசாலை திறக்க முடியாது. ஆகவே பெயர்ப் பலகையில் "பாடசாலை" என்று போடாமல் "பயிற்சி நிலையம்" என்று போட்டு, வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். அரசாங்கம் ஏற்கும் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் கொடுக்க எண்ணினால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிலும் பதிய வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் அங்கிருந்து படிப்பிக்க முடியாது. கணக்குப் பார்க்க முடியும். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று, வரவு இடாப்பு ஒன்று, தனி வங்கிக் கணக்கு ஒன்று. மாத முடிவில் மூன்றையும் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இடாப்பில் 32 பெயர், பற்றுச்சீட்டில் 27 என்றால் அந்த ஐந்து பேரைப் பற்றி அன்றைக்கே கேளுங்கள். ஏழைப் பிள்ளைக்கு விட்டுக் கொடுத்ததாக இருந்தால் அதையும் எழுதி வைக்கட்டும். எழுதிய கணக்கு இருந்தால் குடும்பத்துக்குள் மனக்கசப்பு வராது.

கட்டடம் கட்ட அவசரப்பட வேண்டாம். வாடகைக்கு இரண்டு அறை, ஆறு மாதம், ஒரு நல்ல ஆசிரியர். முதலில் அந்த ஆசிரியரைத் தேடுங்கள். அவர் கிடைத்த பிறகு மேசை கதிரை வாங்கலாம். நமது பிள்ளைகளில் பத்துப் பேராவது மூட்டை தூக்காமல் கணக்கு எழுதும் வேலைக்குப் போவார்கள் என்றால், இன்ஷா அல்லாஹ், அந்த இலாபம் எந்தப் புத்தகத்திலும் அடங்காது.