இராணி எறும்பின் பெயர் யாது?

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்த மாலைகளில், பதுளைத் தோட்டப் புறங்களிலே லயத்து விளக்குகளை நாடிச் சிறகுள்ள பூச்சிகள் வந்து விழுவதை நாம் அறிவோம். அனைத்தையும் ஈசல் என்றே கூட்டித் தள்ளிவிடுகிறோம். அவற்றுள் இராணி எறும்பும் இருக்கக்கூடும். அதைப் பிடித்துப் போத்தலில் இட்ட மாணவர் முதலிற் கேட்பது, "இஃது எந்த இனம்?" என்பதே.

முதலில் ஈசலை விலக்குவோம். ஈசலின் நான்கு சிறகுகளும் ஏறக்குறைய ஒரே அளவின, இடை பருத்தது, உணர்கொம்பு நேரானது. எறும்புக்கோ முன்சிறகு பெரிது, இடை சிறுத்தது, உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்தது. சிறகுகள் உதிர்ந்த பின்னரும், பருத்த மார்பும் அதன் பக்கத் தழும்புகளும் இராணியைக் காட்டிக் கொடுக்கும்.

அடுத்துப் பூதக்கண்ணாடியால் இடையை நோக்குக. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறுக்கு அங்கே ஒரு கணு உண்டு. கொட்டிய இடம் தீயாய் எரியச்செய்யும் நெருப்பெறும்புக்கு இரண்டு. பின்னர் உணர்கொம்பின் துண்டங்களை எண்ணுக. நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடல் ஆகாது. ஒரே நிறமுடைய இனங்கள் பல.

இதற்குமேல் பொறுமை வேண்டும். இராணியை ஈரப் பஞ்சு வைத்த கண்ணாடிக் குழாயில், இருளில் விடுக. பல இனங்களில் இராணி உணவின்றியே, தன் சிறகுத் தசைகள் கரைந்து தரும் சத்தைக்கொண்டு முதற் குஞ்சுகளை வளர்க்கும். வேலைக்கார எறும்புகள் தோன்றியபின் இனம் காணல் எளிது. நூல்களின் விளக்கங்கள் பெரும்பாலும் அவற்றையே பற்றியன. இலங்கையையும் உள்ளடக்கிப் பிங்ஹாம் 1903இல் வெளியிட்ட எறும்பு நூலும் அத்தகையதே. பிடித்த இடத்தையும் நாளையும் எழுதிவைக்க மறவற்க.

ஒரு பெயருக்கு இத்துணை உழைப்பா எனலாம். பிரெஞ்சு அறிஞர் சிமோன் இலங்கையிற் சேகரித்த ஒரு சிற்றெறும்புக்கு, இத்தாலிய அறிஞர் எமரி 1893இல் 'அனியூரெட்டஸ் சிமோனி' என்று பெயரிட்டு, அதன் உறுப்புகளை விவரித்தார். அவ்விவரத்தை நம்பியே 62 ஆண்டுகளின் பின், 1955இல், அமெரிக்க அறிஞர் எட்வேர்ட் வில்சன் இங்கு வந்து தேடினார்; ஊவாவை அடுத்த சப்பிரகமுவவில், இரத்தினபுரியை அண்டிய கிலிமலைக் காட்டில் அதைக் கண்டார். அதன் உறவினங்கள் யாவும் மறைந்து, புதைபடிவங்களாகவே எஞ்சியுள்ளன. இன்று அதுவும் அழியும் விளிம்பில் நிற்கிறது.

பிழையான பெயர் இட்டிருந்தால், அவர் எதைத் தேடியிருப்பார்? ஆதலின் மாணவர்காள், சான்று எவ்வளவோ அவ்வளவே பெயர் கூறுங்கள். 'முசுறின் கூட்டம்' என்றளவில் நிறுத்துவதும் அறிவே. பார்த்து முடிந்ததும் அதைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். உங்கள் போத்தலில் இருப்பது ஓர் எறும்பன்று, வருங்காலக் குடியொன்று.