பட்டறையில் நிற்கும் புது வண்டி

கொத்தமங்கலத்திலிருந்து குடும்பத் தலைவி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியுள்ளார். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை முதலிய பலகாரங்களை வீட்டிலேயே செய்து, காரைக்குடிக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கும் குடும்பம் அவர்களுடையது. கூடைகளைச் சுமந்துகொண்டு பேருந்தில் ஏறி இறங்கும் சிரமம் தீரவேண்டுமென்று, கடன் பெற்று மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினார்களாம். கோவில் வாசலில் நிறுத்தி மந்திரித்து, மாலையிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த அவ்வண்டி, நான்காம் மாதத்தில் நடுவழியில் நின்றுவிட்டது. பட்டறைக்குப் போனது போனதுதான். கடிதம் எழுதிய நாளன்று அது அங்கே சேர்ந்து நாற்பத்தேழு நாட்கள் ஆகியிருந்தன. "பாகம் வரவேண்டும்" என்பதே ஒவ்வொரு முறையும் கிடைக்கும் மறுமொழி. தவணைப் பணமோ மாதந்தோறும் தவறாமல் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. "சண்டை வேண்டாம், பொறுத்திருப்போம் என்கிறார் என் கணவர். கடை வாசலிலேயே வண்டியைக் கொளுத்தப் போகிறேன் என்கிறான் மகன். நாங்கள் யார் பேச்சைக் கேட்பது?" என்று வினவுகிறார் அச்சகோதரி.

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம் என்பதே நம் விடை.

மகன் சொல்வதை வெறும் இளமைத் துடுக்கு என்று தள்ளிவிடுவதற்கில்லை. 2022 ஏப்ரலில் நம் ஆம்பூர் அருகே ஒருவர், வழியில் நின்றுபோன தம் மின்சார ஸ்கூட்டரின்மீது பெட்ரோலை ஊற்றி எரித்தார். அதே மாதம் மராட்டியத்துப் பீட் மாவட்டத்தில் இன்னொருவர், வாங்கிய சில நாட்களிலேயே பழுதான வண்டியைக் கழுதையின் பின்னே கட்டி ஊரெல்லாம் இழுத்துச் சென்றார். ஊர் சிரித்தது, வண்டி ஓடவில்லை. 2024 செப்டம்பரில் கர்நாடகத்துக் கலபுரகியில் நடந்ததோ சிரிப்பதற்குரியதன்று. இருபத்தாறு வயது இளைஞர், தாமே மெக்கானிக், ஆகஸ்டு இறுதியில் வாங்கிய ஸ்கூட்டர் ஓரிரு நாட்களிலேயே பழுதாக, விற்பனை நிலையத்துக்கு நடையாய் நடந்தார். சரியான விடை கிடைக்கவில்லை என்று அந்நிலையத்துக்கே தீ வைத்துவிட்டார். உள்ளேயிருந்த வண்டிகள் பல எரிந்தன. காவல்துறை அவரைக் கைது செய்தது. முதல் நாள் வரை முறையீட்டாளராக இருந்தவர் மறுநாள் குற்றவாளிக் கூண்டுக்குரியவரானார். அவருடைய நியாயமான குறையும் அந்தத் தீயிலேயே எரிந்துபோயிற்று.

இம்மூன்றும் ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் வண்டிகள். நம் தமிழ்நாட்டிலேயே, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில், பெரிய தொழிற்சாலையை நிறுவிய கம்பெனி அது. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரையிலான ஓராண்டில், தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு அக்கம்பெனியைப்பற்றி 10,644 புகார்கள் வந்தன. அவற்றுள் 3,389 புகார்கள் பழுது பார்ப்பதில் தாமதம் என்பவை. 1,899 புகார்கள் புதுவண்டியைத் தருவதில் தாமதம் என்பவை. வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்று 1,459 பேர் சொன்னார்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பியது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட புகார்களைத் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் அளித்தது. ஆணையம் அத்துடன் விட்டுவிடாமல், விரிவான விசாரணைக்கு உத்தரவிட்டது. இங்கு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அந்த ஆணையத்தை அசைத்தது எரிந்த வண்டியன்று. தேதியும் விவரமும் கொண்ட பத்தாயிரம் புகார்களே.

தாமதம் ஏன் ஏற்படுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. வாரண்டிப் பழுது என்றால் பட்டறைக்காரர் தாமாகவே பாகத்தை மாற்றிவிட இயலாது. படமெடுத்து அனுப்பி, கம்பெனியின் ஒப்புதலைப் பெற்று, பாகம் கிடங்கிலிருந்து வந்தபின்னரே கைவைப்பார். பணம் கொடுத்துப் பழுது பார்ப்பவரின் வண்டி முன்னே போவதும், வாரண்டி வண்டி சுவரோரம் ஒதுங்குவதும் பல இடங்களில் கண்கூடு. மின்சார வண்டிகளில் இன்னுமொரு தொல்லை சேர்கிறது. பழைய மொபெட்டை ஊர்ப் பட்டறையில் ஒரு ஸ்பேனரைக் கொண்டே சரிசெய்துவிடலாம். பாட்டரியும் மோட்டாரும் கணினி மென்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்த வண்டியை அதன் கம்பெனியார் அன்றி வேறொருவர் தொட இயலாது. தொட்டால் வாரண்டியும் போகும். விற்பனை வேகமாக வளர்ந்து, பழுது பார்ப்போரும் பாகங்களும் அதற்கேற்பப் பெருகாதபோது வண்டிகள் வரிசையில் நிற்கின்றன. ஆதலின் முன்மேசையில் அமர்ந்து "வரவேண்டும்" என்று சொல்லும் பிள்ளைமேல் சீறிப் பயனில்லை. பாகத்தை மறைத்து வைத்திருப்பவன் அவனல்லன்.

இனித் தந்தையாரின் பொறுமை. அது நற்குணமே, எனினும் இங்கே அதற்கு விலையுண்டு. வண்டி சுவரோரம் நிற்கும் நாட்களிலும் வாரண்டிக் காலம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மாற்றிய பாகத்துக்கும் பெரும்பாலும் எஞ்சிய பழைய காலமே உரியது; புதுக் காலம் பிறப்பதில்லை. மேலும், வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும் என்பது சட்டம். "அடுத்த வாரம் வாருங்கள்" என்பதைக் கேட்டுக்கேட்டே அந்த இரண்டாண்டையும் கழித்தவர்களை நாம் அறிவோம்.

அப்படியாயின் வழி யாது? எழுதுவதே வழி. செட்டிநாட்டாருக்கு இதைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. திருமணத்தையே இசைபிடிமானம் என்று ஓலையில் எழுதிக் கையொப்பமிட்டு நடத்திய மண் அது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்தியவர்கள் பேரேட்டை நம்பினார்கள், வாய்ப்பேச்சை நம்பவில்லை. அந்த மரபினர் வாழும் ஊர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விலையுள்ள வண்டியை வெறும் "பார்த்துக்கொள்கிறோம்" என்ற சொல்லுக்கு விட்டுவருவது வியப்பே.

வண்டியை ஒப்படைக்கும்போதே ஜாப் கார்டு என்னும் சீட்டைக் கேட்டுப் பெற வேண்டும். தேதி, ஓடிய கிலோமீட்டர், நாம் சொன்ன குறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். குறையை நம் சொற்களில் எழுதச் செய்ய வேண்டும். "பொதுச் சோதனை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கக் கூடாது. பின்னர் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்கும் ஒவ்வொரு வினாவும் ஏட்டில் ஒரு வரியாகும். தொலைபேசியில் சொன்னதை அன்று மாலையே, "இன்று காலை தாங்கள் இவ்வாறு கூறினீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடலாம். இரண்டு மூன்று வாரங்களில் பயன் தெரியாவிடில், விற்பனையாளருக்கும் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கும், குறிப்பிட்ட தேதிக்குள் வண்டியைத் தரவேண்டுமென ஒரே கடிதத்தை அனுப்புக. பதிவுத் தபால் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆதலின் விரைவு அஞ்சலில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்தால் போதும்.

இத்தனை எழுத்தும் எதற்கு என்று கேட்கலாம். வண்டி உற்பத்தியிலேயே பழுதானது என்று நிறுவுவது கடினம். அதற்கு வல்லுநர் சான்று வேண்டும். ஆணையமே சோதனைக்கு அனுப்பவும் நேரும். ஆனால் நாற்பத்தேழு நாட்கள் வண்டி கிடைக்கவில்லை என்பதை நிறுவ வல்லுநர் வேண்டியதில்லை. இரண்டு தேதிகள் போதும். முன்னது பொருளின் குறை, பின்னது சேவையின் குறை. நம்மவர் பெரும்பாலும் முன்னதையே பற்றிக்கொண்டு, "புது வண்டி கொடு" என்று கேட்டு வழக்கை இழக்கிறார்கள். மாருதி நிறுவனத்தின் வழக்கொன்றில் 2006-இல் உச்சநீதிமன்றம், பாகத்தை மாற்றித் தீரக்கூடிய பழுதுக்கு வண்டியையே மாற்றித் தரவேண்டியதில்லை என்று கூறிவிட்டது. அதற்கு முன், 2004-இல், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் காரைப்பற்றிய வழக்கிலோ, பழுதுள்ள புதுக்காருக்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் சேர்ந்தே பொறுப்பு என்றது. "நாங்கள் விற்றவர்கள்தாம், செய்தவர்களைக் கேளுங்கள்" என்னும் சாக்குக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. ஆகவே குறித்த நாளுக்குள் பழுது நீக்கம், தாமதத்துக்கு இழப்பீடு, நின்ற நாட்களுக்கு ஈடாக வாரண்டி நீட்டிப்பு ஆகியவற்றையே முதற்கண் கேட்பது அறிவுடைமை. ஒரே பழுது மீண்டும் மீண்டும் வருமாயின் அப்போது பணத்தைத் திருப்பிக் கேட்க இடமுண்டு.

கூடை சுமந்து பேருந்தில் போன செலவு, ஆட்டோ கூலி, கைவிட்டுப்போன கடை ஆர்டர் ஆகியவற்றை அச்சகோதரி நாள்வாரியாகக் குறித்து வைக்கட்டும். பலகார வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி ஆயிற்றே, நாம் நுகர்வோர் ஆவோமா என்ற ஐயம் அவர்களுக்கு எழக்கூடும். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கொள்கிறது.

தவணையை நிறுத்திவிடலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறார்கள். கூடாது. கடன் கொடுத்தவர் வேறு, வண்டி விற்றவர் வேறு. இரண்டும் தனித்தனி ஒப்பந்தங்கள். தவணை தவறினால் அபராத வட்டியும், நாளை மகளின் படிப்புக்குக் கடன் கேட்கும்போது கெட்ட பெயரும் நம்மையே வந்து சேரும். கட்டிய வட்டியையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்த்துக் கேட்பதே முறை.

கடிதத்துக்கும் அசையாவிடில் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லலாம். தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் அது, தமிழிலும் பேசலாம். அம்மையம் தீர்ப்புச் சொல்லும் இடமன்று. நம் குறையைக் கம்பெனிக்கு அனுப்பி விடை கேட்கும். பல குறைகள் அந்த அளவிலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் மேல் செல்ல வேண்டுமாயின் சிவகங்கையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்தரப்பார் இருக்கும் ஊரையோ, வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரையோ நாடவேண்டியிருந்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே முறையிட வழி செய்தது. மதுரையில் வாங்கிய வண்டிக்கும் கொத்தமங்கலத்தார் சிவகங்கைக்குப் போனால் போதும். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு மேற்படாவிடில் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. எதிர்தரப்பார் முப்பது நாட்களில் பதில் தரவேண்டும். பதினைந்து நாட்கள் கூடுதலாகக் கிடைக்கலாம். அதற்கு மேல் இல்லையென்று உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் உறுதி செய்தது. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிவு காண வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீள்வதுண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இருந்தும், ஆணையத்தின் அறிவிப்பு கிடைத்த வாரத்திலேயே காணாமற்போன பாகம் தோன்றிவிடுவதும் உண்டு.

மகனுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். சினம் மிகுந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கைப்பேசியில் தேர்ச்சியும் மிகுதி. சீட்டுகளைப் படமெடுத்துத் தேதிவாரியாக அடுக்குவதையும், புகாரை இணையவழி பதிவு செய்வதையும் அவனிடமே விட்டுவிடுக. பட்டறைக்குப் போய்ப் பேசும் பொறுப்பு தந்தையாருடையதாகட்டும். அவருடைய அமைதியான குரல் அங்கே உதவும்.

கடைசியாக ஒன்று. வண்டி தயாராகிவிட்டது என்று அழைப்பு வரும் நாளில், மகிழ்ச்சியில் மறந்துவிடக் கூடாதது இது. சாவியைத் தருமுன், "பழுது நீங்கியது, முழுத் திருப்தி" என்று அச்சிட்ட தாளில் கையொப்பம் கேட்பார்கள். முதலில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். கூடைகளின் பாரத்தோடு, ஏற்றத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்றிய பாகம் எது என்று எழுதி வாங்க வேண்டும். பின்னர் கையொப்பத்துக்கு மேலே, வண்டி ஒப்படைத்த தேதியையும் திரும்பப் பெற்ற தேதியையும் தம் கையாலேயே எழுதி, அத்தாளின் நகலொன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பட்டும்.