புகைக்கு வழி, சுவருக்கு வெள்ளை

தைப்பொங்கல் அண்மிக்கும் நாட்களில் யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றில் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். முன் விறாந்தை ஒளிரும். முற்றத்துத் தூண்கள் துலங்கும். குசினிச் சுவருக்கோ கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் வர்ணத்தைக் கனமாகப் பூசிவிட்டு, கருமை ஒழிந்ததென வீட்டார் மகிழ்வர். அம்மகிழ்ச்சி அடுத்த மாரியைக் காணாது என்பது என் துணிபு.

விறகுப் புகையில் கரித்தூள் மட்டுமன்றித் தார் போன்ற பசைப்பொருளும் உண்டு. சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவரின் நுண்டுளைகளில் அது பல்லாண்டுகளாக ஊறிக் கிடக்கிறது. நீர் கலந்த வர்ணத்தை அதன்மேற் பூசினால், அந்நீரே பசையின் ஒரு பகுதியைக் கரைத்து வெளியே கொணர்கிறது. மஞ்சட் கறை மீண்டும் தோன்றுவது இதனாலேயாம். மேலும், பழஞ்சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. பிளாஸ்ரிக் படலம் அவ்வழியை அடைத்துவிடவே, பூச்சுக் கொப்புளித்து உரிகிறது.

செய்வதை முறையாகச் செய்தல் வேண்டும். முதலில் முகக்கவசம் அணிந்து, ஒட்டறையையும் கரித்தூளையும் உலர்ந்த மென்றூரிகையால் மேலிருந்து கீழாக அகற்றுக. கரி நீங்குமுன் நீர் பட்டால் அது குழம்பாகிச் சுவருக்குள் இறங்கிவிடும். அதன் பின்னரே, சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் துணியைத் தோய்த்துப் பிழிந்து, கீழிருந்து மேலாகத் துடைத்தல் நன்று. மேலிருந்து துடைப்பின், வழியும் கரிநீர் உலர்ந்த சுவரிற் கோடுகளை விட்டுச்செல்லும். பின்பு தூயநீராற் துடைத்துக் காயவிடுக. அப்போதும் கறை தெரியுமிடத்திற் பழஞ்சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிய சுண்ணாம்புச் சாந்தே இடுக. ஈற்றில், நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து மெல்லியதாக மூன்று முறை அடித்தாற் போதும். கண்ணிற் படாது காத்தல் அவசியம்.

புகைநாற்றத்தைப் போக்கச் சாம்பிராணி இடுவாரும் உளர். இது புகையின்மேற் புகையை ஏற்றுவதன்றி வேறென்ன? கூரையின் வளைகளிலும் சிலாகைகளிலும் அந்நாற்றம் தங்கியிருக்கும். அவற்றையும் துடைத்து, யன்னல்களைப் பல நாட்கள் திறந்து வைத்துக் காற்றை உலாவ விடுவதே தக்க மருந்து.

ஆயின், இத்தனையும் செய்தபின் அதே அடுப்பை அதே மூலையில் மூட்டினாற் பயன் யாது? 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் அரிதாயிற்று. 2022இல் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தது. அக்காலங்களில் விறகடுப்பே எமக்குச் சோறு தந்தது. அதனை இகழ்வது என் நோக்கமன்று. புகை பட்ட மரத்தைப் பூச்சி எளிதில் அரிக்காது என முதியோர் கூறுவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால், அவ்வடுப்பின் முன் நாள்தோறும் குனிந்து நின்றவர் யாவர்? சுவர் உறிஞ்சிய அதே புகையை எங்கள் தாய்மாரின் நெஞ்சும் உறிஞ்சிற்று. வீட்டினுள் எழும் இத்தகைய புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. சுவருக்கு வெள்ளையடிக்கலாம், நுரையீரலுக்கு அடிக்க இயலுமோ?

ஆதலால், வெள்ளையடிக்கப் பணம் ஒதுக்குவோர், அதற்கு முன்னரே அடுப்பின்மேல் ஒரு புகைபோக்கியைக் கூரைக்கு மேலே உயரும்படி கட்டுவித்தல் வேண்டும். விறகையும் நன்கு உலர்த்தி எரித்தாற் புகை குறையும். பணம் போதாதெனின், விறாந்தை இன்னுமோர் ஆண்டு பொறுத்திருக்கட்டும். விருந்தினர் காணும் இடத்துக்கு முதன்மையும், வீட்டுப் பெண்கள் நிற்கும் இடத்துக்கு மிச்சமும் என்ற வழக்கத்தை நாம் இனியேனும் கைவிடுதல் தகும்.