மரக்கைபோ ஏரிக்காரர்களின் கணக்கு

ஹண்டிங்டன் நோயின் மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்ட கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஆறு ஆய்வுக்குழுக்கள், 58 விஞ்ஞானிகள், பத்து வருட உழைப்பு, 'செல்' இதழில் கட்டுரை. நடுவில் எங்காவது ஒரு வரி: வெனிசுவேலாவின் ஒரு பெரிய குடும்பம் ரத்த மாதிரி கொடுத்து உதவியது.

உதவியதாம்! அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஊர்கள் புதைந்து கிடக்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதி வைத்த நோய் இது. பெரும்பாலும் முப்பது, நாற்பது வயது வரை ஒன்றும் தெரியாது. பிறகு கைகால்கள் தாமாக ஆடும், நடை தள்ளாடும் (குடித்துவிட்டு வருகிறான் என்று ஊர் பேசும்), பேச்சு குழறும், புத்தி தடுமாறும். பதினைந்து, இருபது வருடங்களில் சாவு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

மரக்கைபோ ஏரிக்கரை மீனவக் கிராமங்களில் இதற்கு 'எல் மால்' என்று பெயர், அதாவது 'கேடு'. அது ஹண்டிங்டன் நோய்தான் என்று 1950-களிலேயே கண்டு சொன்னவர் அமெரிக்கோ நெக்ரெத்தே என்ற உள்ளூர் மருத்துவர். அவர் பெயரும் பெரும்பாலான கதைகளில் வருவதில்லை, அது போகட்டும்.

நான்சி வெக்ஸ்லர் 1979-ல் முதன்முதலாக அங்கே போனார். அவருடைய அம்மாவுக்கு 1968-ல் இதே நோய் என்று தெரிந்து, 1978-ல் இறந்திருந்தார். ஊசியைக் கண்டு பயந்த ஜனங்களிடம், வெக்ஸ்லரும் தோல் மாதிரி கொடுத்தவர்தான் என்று அவர் கையிலிருந்த தழும்பைக் காட்டினார்கள். அதன் பிறகு கைகள் நீண்டன. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். 18,000-க்கும் அதிகமானோர் அடங்கிய வம்சாவளிப் படம் உருவானது.

இந்த ரத்தம் இல்லாமல் வேலை நடந்திருக்குமா? 1983-ல் ஜேம்ஸ் குசெல்லாவின் குழு நாலாவது குரோமோசோமில் ஓர் அடையாளப் புள்ளியைப் பிடித்தது. முதலில் ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் லேசாகக் கோடி காட்டியது, அவ்வளவுதான். அந்தப் புள்ளியும் நோயும் தற்செயலாகச் சேர்ந்து வந்தனவா, உண்மையிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா என்று சொல்ல நிறையப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பத்துப் பிள்ளை பெற்ற ஏழைக் குடும்பங்கள் அந்த ஏரிக்கரையில் இருந்தன. உறுதி அங்கேதான் கிடைத்தது. மரபணுவுக்குள் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் நோய் வரும் என்பதை இன்று உலகத்தில் எந்த ஆய்வகமும் சோதித்துச் சொல்லும்.

சரி, அவர்களுக்கு என்ன கிடைத்தது?

வெக்ஸ்லரைக் குறை சொல்வது அநியாயம். வருடா வருடம் போய், போன இடத்தில் வைத்தியமும் பார்த்தவர் அவர். 1999-ல் நோயாளிகளுக்காக அங்கே ஒரு இல்லம் திறந்ததிலும் அவர் பங்கு உண்டு. அந்த இல்லம் பிறகு மூடப்பட்டது. தனக்கும் அதே நோய் என்று 2020-ல் வெளியே சொன்னார். ஒரு தனி மனுஷி செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். தனி மனுஷியின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நழுவியதுதான் பிரச்சினை.

அவர்கள் விரும்பித்தானே கொடுத்தார்கள் என்பார்கள் சிலர். விரும்பித்தான் கொடுத்தார்கள், மருந்து வரும் என்று நம்பி. விஞ்ஞானத்தின் வேலை கண்டுபிடிப்பது, சோறு போடுவது அரசாங்கத்தின் வேலை என்பார்கள் வேறு சிலர். வெனிசுவேலா அரசு கைவிட்டது உண்மைதான். ஆனால் ரத்தம் எடுக்கப் போகும்போது மட்டும் நாட்டு எல்லை குறுக்கே நிற்கவில்லையே!

விதிகளும் இவர்களுக்குக் கை கொடுக்கவில்லை. ஆய்வு முடிந்ததும் பங்கேற்ற நோயாளிகளுக்கு அதில் நிரூபணமான சிறந்த சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று 2000-ல் ஹெல்சிங்கி பிரகடனத்தில் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் மரபணு தேட ரத்தம் கொடுத்தவன் எந்த மருந்துச் சோதனையிலும் பங்கேற்கவில்லை. மருந்து இருபது, முப்பது வருடம் கழித்து இன்னொரு கம்பெனியின் பெயரில் வரும். அப்போது அந்தப் பிரகடனத்தைக் காட்டி அவன் எதையும் கேட்க முடியாது.

நோயின் ஆட்டத்தை மட்டுப்படுத்தும் டெட்ராபெனசின் 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2025 செப்டம்பரில், மூளைக்குள் செலுத்தும் ஒரு மரபணு சிகிச்சை சின்ன சோதனை ஒன்றில் நோயின் வேகத்தைக் கணிசமாகக் குறைத்ததாக அதன் கம்பெனி அறிவித்தது. பல மணி நேர அறுவை சிகிச்சை அது. 2019 மார்ச்சில் நாடே இருளில் மூழ்கியபோது மரக்கைபோதான் மிக மோசமாக அடிபட்ட ஊர்களில் ஒன்று. அந்த அறுவை சிகிச்சையை அங்கே யார் செய்வார்கள், யார் பணத்தில்?

மருந்து விற்கிற ஒவ்வொரு கம்பெனியும் வருமானத்தில் ஒரு பங்கை அந்தக் கிராமங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே எழுதி வாங்கலாம். யாருக்குக் கொடுப்பது என்று தேடி அலையவும் வேண்டாம், 18,000 பேரின் வம்சாவளிப் படம் விஞ்ஞானிகள் கையில்தான் இருக்கிறது.