தொழிற்சாலையில் அடக்கப்படும் ஓர் அவஸ்தை

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே, ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைந்த பூமியில் இன்று மோட்டார் வாகனங்களும் கைபேசிகளும் உற்பத்தியாகின்றன என்பதைப் பெருமிதத்தோடு எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் அந்த யந்திர வரிசைகளில் நின்று வேலை செய்கிற பெண்களில் பலர், வழியில் அவசரம் வந்துவிடுமோ என்ற அச்சத்தால், கம்பெனி பஸ்ஸில் ஏறுமுன் ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் புறப்படுகிறார்கள் என்பதை எழுத ஏனோ நம்மைச் சங்கோசம் தடுக்கிறது.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில், விடுதி உணவை உண்டு பலர் நோயுற்றபோது, இந்த வட்டாரத்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து தங்கள் குறையை நாடறியச் சொன்னார்கள். சோற்றில் உள்ள குறையைச் சாலையில் அமர்ந்து சொல்லிவிடலாம். சிறுநீரை அடக்க முடியவில்லை என்பதை எந்தச் சபையில் சொல்வது? வீட்டில் சொன்னால் உடம்புச் சூடு என்று வெந்தயமும் மோரும் கொடுப்பார்கள், மருந்துக் கடையில் சொன்னால் நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுப்பார்கள், லைன் லீடரிடம் சொன்னாலோ, “இப்பதானே போயிட்டு வந்தே?” என்ற கேள்வியே பதிலாக வரும்.

உண்மையில் இது ஒரு வியாதி. வளர்ந்தவர்களின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அது நிரம்பிக்கொண்டிருக்கும் வரையில் அதன் தசை தளர்ந்தே இருக்க வேண்டும் என்பது உடலின் நியதி. அந்நியதி குலைந்து, பை பாதி நிரம்புமுன்னரே தசை தானாகச் சுருங்குவதால், தள்ளிப்போட முடியாத ஒரு வேகம் திடீரென எழுவதும், பகலில் எட்டு முறைக்கு மேல் போக நேர்வதும், இரவில் உறக்கம் கலைவதும், சிலருக்குக் கழிவறையை அடையுமுன்பே ஆடை நனைவதுமே மிகை இயக்கச் சிறுநீர்ப்பை எனப்படும் இந்த உபாதையின் இலட்சணங்கள். வயது ஏற ஏற இது அதிகமாகும் என்றாலும், இளம் வயதினரையும் ஆண்களையும் இது விட்டுவைப்பதில்லை.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவிகள் பெரும்பாலும் தேவையில்லை. கிருமித் தொற்று இல்லையென்று காட்ட ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, இரத்தத்தில் சர்க்கரையின் அளவு, தேவைப்பட்டால் கழித்த பின்னும் பையில் நீர் தங்குகிறதா என்று பார்க்க ஒரு ஸ்கேன், சற்று வயதான ஆண்களுக்குப் புராஸ்டேட் சோதனை ஆகியவை போதும். சிறுநீரில் இரத்தமோ, காய்ச்சலோடு வலியோ தோன்றினால் தாமதிக்கலாகாது. இந்தச் சோதனைகளினும் பயன் மிக்கது, மூன்று நாட்களுக்கு நோயாளியே எழுதும் குறிப்பேடு: எப்போது எவ்வளவு குடித்தோம், எப்போது போனோம், அளவுக் குவளையில் எவ்வளவு இருந்தது என்று எழுதி வைத்தால், இரவு ஷிப்டில் விழித்திருக்கக் குடித்த தேநீரின் பங்கு என்ன, அடிக்கடி எழும் அவசரத்தின் பங்கு என்ன என்பது வைத்தியருக்கு விளங்கிவிடும். நான்கே நிமிஷம் கிடைக்கும் புறநோயாளி வரிசையில் வாய்விட்டுச் சொல்ல நாணும் பெண்ணுக்காக அந்தக் காகிதம் பேசும் என்பதையும் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தண்ணீரைக் குறைப்பது பரிகாரமன்று. அடர்ந்த சிறுநீர் பையை மேலும் எரிச்சலூட்டுவதோடு, நமது வெயிலில் கல்லடைப்புக்கும் தொற்றுக்கும் வழி செய்கிறது. வேலையிடத்து வெப்பமும் கழிவறைக் குறைவும் ஒன்றுசேர்ந்து பெண் தொழிலாளர்களின் ஆரோக்கியத்தைக் கெடுப்பதைப் போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்விலேயே எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

முதல் சிகிச்சை பயிற்சியேயாகும். குறித்த நேரத்தில் போவது, வேகம் எழும்போது இடுப்படித் தசைகளை இறுக்கி அதைத் தணியவிடுவது, இடைவெளியைக் கால் கால் மணியாக நீட்டுவது என்று வாரக்கணக்கில் பொறுமையோடு செய்தால் பலருக்கு நிவாரணம் கிடைக்கிறது. அந்தத் தசைப் பயிற்சியை அமெரிக்க வைத்தியர் ஆர்னால்டு கெகல் 1948-இல் வெளியிட்டார். இது போதாதவர்களுக்கு மாத்திரைகள் உண்டு. ஆனால் ஒருவகை மாத்திரை வாயை உலர்த்தி மலச்சிக்கல் தரும், மற்றொரு வகைக்கு இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். ஆகையால் கடைக்காரரிடம் கேட்டு வாங்கத் தக்கவையல்ல.

ஆனால் மணி பார்த்துப் போக வேண்டிய இந்தச் சிகிச்சைக்கு, மணி நோயாளியின் வசத்தில் இருக்க வேண்டுமல்லவா? நகரும் வரிசையில் ரிலீவர் வந்து இடத்தை ஏற்காமல் வேலை செய்யும் பெண் நகர முடியாது. வைத்தியர் குறித்த நேரத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் மேற்பார்வையாளர் கையிலிருக்கிறது. கெகல் தம் பயிற்சியை வெளியிட்ட அதே 1948-இல் இயற்றப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் எந்நேரத்திலும் கழிவறை எட்டக்கூடியதாக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. கழிவறை கட்டியிருப்பது மட்டும் அந்த விதியை நிறைவேற்றிவிடாது என்பது என் திடமான அபிப்பிராயம். எட்டக்கூடியது என்றால், ரிலீவரும் இருக்க வேண்டும்.

இதே வட்டாரத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கத்தக்க விடுதியை 2024 ஆகஸ்டில் அரசு திறந்தது. அத்தகைய விடுதிகளிலும், ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும், ஆலைகளின் மருத்துவப் பரிசோதனையிலும், ஒரு பெண் வைத்தியரோ நர்ஸோ தனியறையில், சிறுநீரை அடக்க முடியாத அவசரம் வருகிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்கட்டும். ஆம் என்பவளுக்குக் குறிப்பேட்டைக் கொடுக்கட்டும். வியாதியின் பெயரை வெளியிடாமல், இந்த இடைவெளியில் இவருக்கு ஓய்வு தேவை என்று மட்டும் எழுதிய சீட்டை ஆலை நிர்வாகம் கேள்வியின்றி ஏற்கட்டும்.