கணினிக்கு வார்க்கும் நீர்

முன்னர் என்னிடம் பௌதிகவியல் பயின்ற மாணவனொருவன் சென்ற வாரம் வீடு தேடி வந்தான். கடல் கடந்து உழைக்கும் தமையன் அனுப்பிய பணத்தில், நீராற் குளிரும் கணினியொன்றைத் தன் கையாலேயே பூட்டுகின்றானாம். "சேர், எங்கள் கிணற்றுத் தண்ணீர் தெளிவானதுதானே? அதையே ஊற்றினால் என்ன?" என்று வினவினான்.

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிவருவது. கேத்திலின் அடியிற் படரும் வெண்படிவை இல்லத்தரசியர் அறிவர். கணினியின் செப்புத் தட்டிலோ மயிரிழை போன்ற வாய்க்கால்கள் உள. உப்புக்கள் அவற்றிற் படியவுங் கூடும். உலோகத்தை அரிக்கவுஞ் செய்யும்.

வாசகர் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். வெப்பஞ் சுமப்பதில் நீருக்கு நிகரான மலிவான திரவம் வேறில்லை. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 4200 யூல் வேண்டும். கிளைக்கோல் கலந்தால் இவ்வாற்றல் குறையுமேயன்றிக் கூடாது. ஆகவே, கடையிற் போத்தலாக வாங்குவது குளிர்ச்சியையன்று; அரிப்பும் பாசியும் அணுகாத காவலையே. இஃதறியாதார் நிறத்துக்கு மயங்குவர். முத்துப்போல் மினுங்கும் திரவங்களின் துகள்கள் நாளடைவிற் படிந்து வழியை அடைத்துவிடும். முதன்முறை பூட்டுவோர்க்கு நிறமற்றதே நன்று. அது கிடையாதாயின், காய்ச்சி வடித்த நீரில் அரிப்புத் தடுப்பியையும் பாசிகொல்லியையும் சொல்லிய அளவிற் சேர்க்கலாம்.

மோட்டர் வண்டிக்கு ஊற்றும் பச்சைத் திரவம் ஆகாதா என்றும் கேட்டான். அவற்றுட் பலவற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தையும் பூனையும் உலாவும் வீட்டில் அது எதற்கு? பனி உறையாத நம்மூரில் உறைதடுப்புந்தான் எதற்கு?

போத்தலில் "மின் கடத்தாது" என்றிருப்பதையும் நம்பியிருத்தலாகாது. தூய நீரும் உலோகத்தைத் தொட்டுச் சுழன்றால் சில காலத்தில் அயன்களைப் பெற்றுவிடும். எனவே முதலில் பம்பியை மட்டும் 24 மணிநேரம் ஓடவிட்டு, மூட்டுக்களின் கீழ்க் கடதாசி விரித்து, கசிவு உண்டோ எனப் பார்த்தல் வேண்டும். கணினிக்கு மின் கொடுப்பது அதன் பின்னரே.

இவையனைத்தையும் சொன்னபின்னரே, "றேடியேற்றர் எந்த உலோகம்?" என்று கேட்டேன். முதலிற் கேட்டிருக்க வேண்டிய கேள்வி! செம்பும் அலுமினியமும் ஒரே நீரிற் கூடினால் அது மின்கலமாகும், அலுமினியம் கரையும். தடுப்பி அதைத் தாமதிக்குமன்றி நிறுத்தாது. வகுப்பில் நான் கற்பித்த பாடந்தான். மலிவாக வாங்கிய பெட்டியைப் பையிலிருந்து எடுத்து இருவருமாக வாசித்தோம். அலுமினியம் என்றிருந்தது.

நல்ல காலம், பெட்டியின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. மாற்றித் தருவார்களா என்று கேட்க, சைக்கிளில் ஏறிக் கடைக்கு விரைந்தான்.